சங்கறுத்த கரையில் இன்றைய கலை

(தூத்துக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய ஓவியர்களும் சிற்பிகளும் எண்ணெய் வண்ணத்தையும் கருங்கல்லையும் ஒதுக்கிவிட்டு, தலைமுடி, சாணம், உப்பு, உடைந்த பானை என்று கைக்கு எட்டியதை எல்லாம் எடுத்துக் கலை செய்கிறார்களே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். வேறு ஊராக இருந்தால் ஏதாவது ஒரு காட்சிக்கூடத்தில் இருந்து தொடங்கியிருப்பேன். தூத்துக்குடியில் பேசுவதால் பக்கத்துப் பழந்துறைமுகமான கொற்கையில் இருந்து தொடங்குகிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னை மாகாண அரசில் முத்து, சங்குக் குளிப்புகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். தூத்துக்குடிதான் அவருடைய பணியிடம். இந்தியச் சங்கைப் பற்றி 1914இல் அவர் வெளியிட்ட நூல் இன்றுவரை அந்தத் துறையின் மூலநூல். கொற்கை மண்ணில் கிடந்த சங்குத் துண்டுகளை அவர் எடுத்துப் பார்த்தார். அலை உடைத்த துண்டுகளாக அவை இல்லை. வாளால் அறுத்த தடம் நேர்கோடாகத் தெரிந்தது. வளையல் அறுத்தபின் மிஞ்சிய கழிவு அது. மதுரைக் கடைத்தெருவில் சங்கு அறுத்து வளையல் கடைந்தவர்களைச் சங்க நூலான மதுரைக்காஞ்சி சொல்கிறது. அவர்களுக்குச் சங்கு போன கரையும் இதுதான். 1968-69இல் நடந்த கொற்கை அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 785 என்று கதிரியக்கக் கரிமக் கணிப்பு கிடைத்தது. அந்தத் தொன்மை பெருமைக்குரியதுதான். ஆனால் என் மனம் தங்குவது கழிவுத் துண்டில். அரைவட்ட வாளைச் சங்கின்மேல் வைத்து இழுத்த கை, அது எந்தக் கோணத்தில் இழுத்தது, எங்கே நிறுத்தித் திருப்பி வைத்தது என்பதெல்லாம் அந்தத் துண்டில் பதிந்திருக்கிறது. செய்தவர் பெயர் போய்விட்டது. செய்த விதம் பொருளுக்குள் நிற்கிறது.

இன்று புதுமை என்று சொல்லப்படும் கலையில் எனக்கு உயர்ந்ததாகப் படுவதெல்லாம் இந்த அறிவில் இருந்து வருவதுதான். பொருளுக்கு நினைவு உண்டு. அதைத் தொட்டவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. கலைஞர் அதைப் பேச வைக்கிறார். அப்படிப் பேச வைக்காதபோது அரிய பொருளும் வெறும் வேடிக்கைதான்.

நம் காலத்துத் தமிழ்க் கலைஞர் ஒருவரைச் சொல்கிறேன். பெனிதா பெர்சியல் திருவண்ணாமலையில் பிறந்தவர், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். 2014ஆம் ஆண்டு கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைக்காட்சியில், ஃபோர்ட் கொச்சியின் கடலோரத்தில் இருக்கும் பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கில் அவருடைய சிற்பத் தொகுப்பு வைக்கப்பட்டிருந்தது. கிறிஸ்துவும் புனிதர்களுமாக உருவங்கள். மரத்தில் செதுக்கியவைபோல் நிறம். ஆனால் சாம்பிராணி, வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், இலவங்கப்பட்டை, கிராம்பு, எலுமிச்சைப்புல் ஆகியவற்றைப் பொடித்துப் பிசைந்து உருவாக்கியவை அவை.

இந்த அவையில் இருக்கும் பலருக்கு நான் விளக்கவே வேண்டாம். ஞானிகள் மூவர் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த காணிக்கையில் பொன்னைத் தவிர மற்ற இரண்டும் அந்தச் சிலைகளின் உடம்பிலேயே இருக்கின்றன. பூசையில் தூபக்கலசத்தில் இடும் பொருள் இங்கே சுரூபமாகவே ஆகிவிட்டது. கிராம்பும் பட்டையும் எதற்கு? அவற்றைத் தேடி வந்த கப்பல்களில்தான் போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கும் கொச்சிக் கரைக்கும் வந்தார்கள். சிலுவையும் அதே கப்பலில் வந்தது. வாணிகத்தையும் வழிபாட்டையும் பிரித்து எழுதும் வரலாற்று நூல்கள் பல உண்டு. அந்தச் சிற்பத்தில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஒரே மாவாகப் பிசைந்துவிட்டார். உருவங்கள் பழுதுபட்டவைபோல் நிற்கின்றன. நெருப்பு வைத்தால் புகைந்து மணமாகிப் போய்விடும். வெண்கலத்தில் வார்த்திருந்தால் இவற்றில் ஒன்றுகூட நம் மனத்தில் தோன்றாது.

தூத்துக்குடியில் இதைச் சொல்லும்போது பனிமய மாதா பேராலயம் நினைவுக்கு வராமல் இருக்காது. மணிலாவில் இருந்து 1555இல் கப்பலில் வந்ததாகத் தலைமுறைகள் சொல்லிவரும் சுரூபம், 1713இல் எழுந்த கோயில், 1806இல் முதன்முதலில் ஓடிய பொன் தேர். ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறார்கள். கடல் கடந்து வந்த ஒரு பொருள் இந்த ஊரின் தாயாகவே ஆகிவிட்டது. பொருளின் நினைவு என்று நான் சொல்வதை இந்த ஊர்க்காரர்கள் வாழ்ந்தே அறிந்திருக்கிறார்கள்.

கொச்சியின் முதல் பினாலே 2012இல் நடந்தது. அதில் விவான் சுந்தரம் வைத்த படைப்புக்குக் 'கறுப்புத் தங்கம்' என்று பொருள்படும் பெயர். மிளகைக் குறித்த பெயர் அது. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் வந்த பானை ஓடுகளை அடுக்கி, மேலிருந்து பார்த்தால் ஒரு நகரம் கிடப்பதுபோல் தரையில் பரப்பியிருந்தார். பட்டணம்தான் பழைய முசிறித் துறைமுகம் என்று கேரள வரலாற்று ஆய்வுக் குழுவினர் கருதுகிறார்கள். அகழாய்வில் அழகான துண்டு அருங்காட்சியகத்துக்குப் போகும். எண்ணிக்கை தெரியாத சாதாரண ஓடுகள் மூட்டையில் கிடக்கும். மூட்டையில் கிடந்தவற்றுக்கு அவர் ஓர் ஊரைக் கட்டிக் கொடுத்தார். கொற்கையின் சங்குக் கழிவுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

அதே பினாலேயில் சுபோத் குப்தாவின் படகும் இருந்தது. நீண்ட கேரளத்துப் படகு ஒன்றில் கட்டில், நாற்காலி, பானை, வலை என ஒரு வீட்டுச் சாமான் முழுவதும் ஏற்றப்பட்டிருந்தது. பார்த்தவர்களை அசத்திய படைப்பு. புலம்பெயர்வின் வலி அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படகு கட்டும் கரையில் நின்று கேட்டால் இன்னொரு கேள்வி எழும்: இந்தப் பலகையை இழைத்தவர் யார், இதில் தண்டு வலித்தவர் யார்? இங்கே பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. பாய்மரத்தோடு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன மரபு இவற்றுக்கு உண்டு. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து அடைக்கும் கலப்பத்து வேலையைப் பாருங்கள். அடியின் ஓசை மாறுவதை வைத்தே இடுக்கு நிறைந்ததா இல்லையா என்று சொல்லும் காது அந்தக் கைவினைஞருக்கு. ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் தோணிகளையும் அவற்றை ஓட்டிய தண்டல்களையும் எழுதினார். 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மொழியில் அந்த வேலை நடந்துவிட்டது. காட்சிக் கலையில் தோணி இன்னும் படமாகத்தான் இருக்கிறது, அந்தியில் எடுத்த அழகான படமாக.

பத்ராவதியில் பிறந்து பெங்களூரில் வாழும் ஷீலா கௌடாவிடம் செய்த கையை மறக்கும் இந்தக் குறை இல்லை. 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டதற்குப் பிந்தைய வன்முறைக் காலத்தில் அவர் ஓவியத்தைவிட்டுச் சாணத்தை எடுத்தார். வீடு மெழுகும் பொருள், எரிபொருள், புனிதம், பெண்களின் கைவேலை என நான்கும் அதில் சேர்ந்திருந்தன. பின்னர் 2009இல் வெனிஸ் பினாலேக்குத் தலைமுடியை எடுத்துக்கொண்டு போனார். கோயில்களில் காணிக்கையாக இறக்கிய முடியைக் கயிறாக முறுக்கி, கண்ணேறு படாமல் இருக்க வண்டிகளின் முன் பம்பரில் கட்டுவது பெங்களூர் வழக்கம். அந்தக் கயிற்றை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு முடிந்து, அதிலேயே எஃகு பம்பர்களைத் தொங்கவிட்டார். மழித்த முடி எஃகைத் தாங்குகிறது. வேண்டுதலோடு தலையைக் கொடுத்த யார் யாரோ அந்தக் கயிற்றில் தொங்குகிறார்கள். வேறு எந்தக் கயிற்றிலும் அந்தப் படைப்பைச் செய்திருக்க முடியாது. நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: பொருளை மாற்றிவிட்டால் படைப்பு நிற்கிறதா? நின்றால், பொருள் அங்கே வெறும் அலங்காரம்.

கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சூயி மதுப்புட்டி மூடிகளைத் தட்டையாக்கிச் செம்புக் கம்பியால் கோத்துச் சுவர் அளவு துணிபோல் செய்கிறார். தூரத்தில் பொன்னாடை. அருகில் போனால் சாராய மூடி. ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து மனிதர்களை விலைக்கு வாங்கிய சரக்குகளில் சாராயமும் ஒன்று என்று தெரிந்தபின் அந்தப் பளபளப்பைப் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை. துறைமுக மக்களுக்கு இது விளங்கும்.

பொருளே இல்லாமல் ஓர் ஆவணத்தின் வடிவத்தையே பொருளாக்கிய யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனன். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் இலங்கையில் நிலத்தையும் குடிகளையும் பதிந்து வைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். போரில் வீட்டை இழந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை நினைவில் இருந்து வரைந்து தாருங்கள் என்று அவர் கேட்டார். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, வாசல் எந்தப் பக்கம். அப்படி வந்த 80 வரைபடங்களோடு 2011இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும். அலுவலகக் கோப்புபோல் கட்டப்பட்ட நூல். கைநடுங்கி வரைந்த கோட்டுக்கு அருகில், கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படம். ஒல்லாந்தர் 1658இல் இந்தத் தூத்துக்குடியையும் பிடித்தார்கள். அவர்களின் பதிவேடுகள் இந்தக் கரையின் மக்களையும் எண்ணின. சனாதனன் செய்தது எண்ணப்பட்டவர்கள் தாங்களே எழுதிய ஏடு.

இனி உப்பு. ஜப்பானியக் கலைஞர் மோட்டோய் யமமோட்டோவின் தங்கை 1994இல் 24 வயதில் மூளைப் புற்றுநோயில் இறந்தார். ஜப்பானில் இழவு வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் உப்பால் தூய்மை செய்துகொள்வார்கள். அவர் உப்பைக் கையில் எடுத்தது அங்கிருந்துதான். தரையில் உட்கார்ந்து நாள்கணக்காக உப்பை மெல்லிய கோடாகச் சிந்திச் சுழல்வழிகளும் சிக்கல்வழிகளும் வரைகிறார். காட்சி முடிந்ததும் பார்க்க வந்தவர்களே அதைக் கலைத்து அள்ளிக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

அந்தப் படைப்பின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் இங்கே உப்பு வேறு பேச்சுப் பேசும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளையும் இடம் இது. வெயிலும் எதிரொளியும் கண்ணைச் சுட, பாத்தியில் இறங்கி வாருபலகையால் உப்பை இழுத்துக் குவிக்கும் தொழிலாளியின் பாதத்தில் வெடிப்பு ஆறுவதில்லை. ராஜம் கிருஷ்ணன் இந்த உப்பளங்களுக்கு வந்து தங்கிப் பார்த்துக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். யமமோட்டோவுக்கு உப்பு துக்கத்தின் பொருள். தூத்துக்குடிக்கு அது கூலியின் பொருள். யமமோட்டோவைப் பார்த்து இங்கே ஒருவர் அளத்தில் வட்டம் வரைந்தால் அது இரவல் துக்கமாகிவிடும்.

முத்துக்கு வருகிறேன். என் பேச்சின் நடுப்பொருளே இதுதான்.

முத்துக் குளிப்பை இங்கே சலாபம் என்பார்கள். சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்களில் சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று அரசு பார்த்து, நாள் குறித்தபின், குளியாள்கள் இறங்குவார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மீதி அரசுக்கு. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்து 1961இல் கடைசிச் சலாபம் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி சேரவில்லை. முத்துநகர் என்ற பெயர் பேருந்துகளிலும் ரயிலிலும் தங்கிவிட்டது.

இந்த நிலையில்தான் 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி வேப்பலோடையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார். செய்முறையைக் கவனியுங்கள். உயிருள்ள சிப்பியின் உள்ளுறுப்பில் சிறு கீறல் போடுகிறார்கள். கடைந்து உருட்டிய ஓட்டு மணி ஒன்றை உள்ளே வைக்கிறார்கள். இன்னொரு சிப்பியின் உட்போர்வையில் இருந்து வெட்டிய துணுக்கை அந்த மணியோடு ஒட்டியபடி வைக்கிறார்கள். துணுக்கு வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகிறது. பை சுண்ணச் சத்தை மிக நுண்ணிய தகடுகளாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போகிறது. தொடக்க காலச் சோதனைகளில் மணியைக் கடைந்தது சங்கின் ஓட்டில் இருந்து. கொற்கையில் வளையலுக்காக அறுபட்ட அதே சங்கு, முத்துக்குள் மறைந்து உட்கார்ந்தது.

விஞ்ஞானியின் மேசையில் நடந்தது இது. ஆனால் இன்றைய கலை தேடி அலையும் இடம் எதுவோ அங்கேதான் அந்த மேசை நிற்கிறது. படைப்பவர் பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை வேறோர் உயிரிடம் ஒப்படைக்கிறார். பிரான்சில் யூபேர் துய்ப்ரா 1980களில் இதைக் கலையாகவே செய்தார். ஓடையின் அடியில் மணலையும் குச்சியையும் தன் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் ஒரு பூச்சியின் புழுவுக்கு, மணலுக்குப் பதிலாகப் பொன் துகளையும் முத்தையும் கொடுத்தார். புழு பொற்கூடு கட்டியது. உலகம் வியந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனர்கள் நன்னீர்ச் சிப்பிக்குள் சிறு புத்தர் உருவங்களைச் செருகி, சிப்பி முத்துப்பூச்சு பூசியபின் எடுத்தார்கள். நம் ஊருக்கு வந்தால், கிளிஞ்சலில் பிள்ளையாரும் கண்ணாடிச் சட்டமும் ஒட்டி விற்கும் கடைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்; பல குடும்பங்களுக்கு அது சோறு. ஆனால் அங்கே கிளிஞ்சல் வெறும் ஓடாகத்தான் இருக்கிறது. அந்த ஓட்டைக் கட்டிய உயிர் எந்தப் பாரில் கிடந்தது, யார் மூச்சடக்கி எடுத்தார்கள் என்று அந்தக் கண்ணாடிச் சட்டம் சொல்வதில்லை. அதோடு, பவளத்தையும் பல சங்கு வகைகளையும் எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். கடற்பொருளில் கலை செய்ய விரும்பும் மாணவர் முதலில் அந்தச் சட்டத்தின் பட்டியலைப் படிக்க வேண்டும்.

சட்டம் ஏன் வந்தது என்பதைத் தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் வான் தீவே காட்டும். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைப் பல்லாண்டு வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த பாறை போனதும் தீவு கரைந்தது. இதே தீவுக்கூட்டத்தில் விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. வான் தீவைக் காக்க 2015இல் தொடங்கி, துளையிட்ட சரிவகக் கான்கிரீட் கட்டுமானங்களைத் தீவைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள், 10,000க்கும் மேல். சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதில் முன்நின்றவர்கள். அலை தணிந்தது, மணல் சேர்ந்தது, கான்கிரீட்டில் பவளம் ஒட்டி மீன் வந்தது.

ஜேசன் டி கெய்ரஸ் டெய்லர் 2006இல் கிரெனடா தீவின் கடலடியில் மனித உருவச் சிற்பங்களை இறக்கியபோது உலகம் முழுவதும் படம் வெளிவந்தது. இலங்கைக் கடற்படையும் 2020இல் காலிக்கு அருகே கடலடிச் சிற்பக்கூடம் அமைத்தது. நம் சரிவகங்களுக்கு முகம் இல்லை என்பதால் யாரும் கலை என்று சொல்லவில்லை. அவற்றுக்கு முகம் வைக்க வேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். அலையின் வலுவைக் கணக்கிட்டு வந்த வடிவம் அது, அதில் மிகை ஒன்றும் இல்லை. மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்காவுக்குள் சுற்றுலாவுக்காகச் சிலை இறக்க யாராவது திட்டம் கொண்டுவந்தால் இந்த ஊர்க் கலைஞர்கள்தான் முதலில் எதிர்க்க வேண்டும். அவர்கள் செய்யக்கூடிய வேலை கரையில் இருக்கிறது: தீவு தேய்ந்த கதையையும் மீண்ட கதையையும், அங்கே மீன்பிடித்தவர்கள் சொல்லக் கேட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வைப்பது.

ஒரு பொருளைப் பற்றி மெதுவாகத்தான் பேச முடியும். இந்த ஊரின் தாமிர உருக்காலையில் இருந்து வந்த கசடு. உப்பாற்று ஓடைக் கரையில் அது கொட்டப்பட்டது இந்த ஊருக்குத் தெரியும். 2018 மே 22 அன்று, ஆலையை எதிர்த்துத் திரண்டவர்கள்மேல் தொடங்கிய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததும் தெரியும். கறுத்து மின்னும் அந்தத் துகள் எந்தச் சிற்பியையும் இழுக்கும் பொருள். வெளியூரில் இருந்து வரும் கலைஞர் அதை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு போய்க் காட்சிக்கூடத்தில் குவித்துவிடுவது எளிது. என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன்: இறந்தவர்களின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்காமல் அதைத் தொடும் உரிமை யாருக்கும் இல்லை. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்கட்டும். அதோடு ஓராண்டு, இளங்கலைஞர் ஒருவருக்கு, ஒரு முழு உப்புப் பருவம், தை மாதத்தில் பாத்தி திருத்துவதில் இருந்து மழைக்கு முன் உப்புக் குவியலான அம்பாரத்தை மூடும் வரை, அளத்தில் தங்கி வேலை செய்யப் பணம் கொடுங்கள். அடுத்த பருவத்துக்கு இன்னொருவரைத் தோணி கட்டும் இடத்துக்கு அனுப்புங்கள். மணப்பாட்டில் பனையோலை பின்னும் பெண்களிடம் ஒருவர் போகட்டும். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு அந்தத் தொழிலாளிகளுக்கும் அன்றாடக் கூலி அளந்து கொடுக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் முன்கூட்டி எழுதித் தரச் சொல்லக் கூடாது. படைப்பு முடிந்தால் முதல் காட்சி அளத்திலும் தோணித்துறையிலும் நடக்கட்டும், சென்னைக்குப் பிறகு போகலாம். சுவரில் ஒட்டும் சீட்டில் கலைஞரின் பெயருக்குக் கீழே, 'பொருள்' என்று எழுதும் வரிக்கு அடுத்து இன்னொரு வரி இருக்கட்டும்: உப்பு வாரியவர், பலகை இழைத்தவர், கலப்பத்து அடித்தவர், ஓலை கிழித்தவர் என்று, அவரவர் சம்மதத்தோடு, அவரவர் பெயர்.